காயில் கட்டும் கடைக்கு எஸ்.இ.ஓ. எதற்கு?

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மதியம். அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் சின்ன வண்டியில் 7.5 ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். எங்கேயோ பார்த்த முகம். அப்பாதான் அடையாளம் கண்டார். இருபது வருடமாக எரிந்த மோட்டாரை எங்கள் கடையிலேயே காயில் கட்ட, அதாவது உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்றைப் புதுசாகச் சுற்ற, கொடுத்துவந்த ஒரு பெரியவரின் மகன். அவர் தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

மோட்டாரைத் திறந்தோம். வேறொரு கடையில் புதுசாகக் காயில் கட்டி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. மூன்று செட்டில் இரண்டு செட் கரியாகக் கருத்துக் கிடந்தது, மூன்றாவது செட் அன்றைக்குக் கட்டிய மாதிரி பளபளவென்று இருந்தது. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இப்படி இருந்தால் காரணம் ஒன்றுதான். வருகிற மூன்று பேஸில் ஒன்று விட்டுப்போய், மீதி இரண்டு பேஸும் மொத்தச் சுமையையும் இழுத்து எரிந்திருக்கிறது. முதல் தடவையும் அப்படித்தான் எரிந்திருக்கும். கட்டிக் கொடுத்தவர்கள் கிணற்று மேட்டில் இருக்கும் பேனல் போர்டைப் பார்க்கச் சொல்லியிருந்தால் இந்த இரண்டாவது செலவு வந்திருக்காது.

"ஏன் சாமி, நம்ம கடைக்கு வராம வெளியில குடுத்தே?" என்று அப்பா கேட்டார். கோபமில்லை, மனசு தாங்காமல் கேட்டார்.

"அப்பா எங்க குடுப்பாருன்னு எனக்குத் தெரியலீங்க ஐயா. போன்ல தேடிப் பார்த்தேன். உங்க கடை வரவே இல்லீங்க. வந்ததுல முதல் கடைக்குக் கூப்பிட்டேன்."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா சம்பாதித்து வைத்த பேர் கோவை சத்தி ரோடு நெடுகப் பரவியிருந்தது. கணபதியில் கடை, சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் என்று அந்த ரோட்டிலேயே வாடிக்கை. ஆனால் அந்தப் பேர் பெரியவர்களின் தலைக்குள் இருந்தது. அவர்கள் போனதும் பேரும் கூடவே போய்விடுகிறது. மகன்கள் தோட்டத்தில் நின்றபடி போனை எடுத்துத் தேடுகிறார்கள்.

அடுத்த வாரமே ஒரு எஸ்.இ.ஓ. நிறுவனத்தை, அதாவது கூகுளில் தேடினால் நம் கடை மேலே வர வேலை செய்து தருகிறவர்களை, கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்களைப் போல இரண்டு மூன்று ஆள் வைத்துக் கடை நடத்துகிறவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள்: "இதுக்குக் காசு குடுக்கலாமா, வேண்டாமா?" கொடுக்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் நான் முதலில் கொடுத்தது தப்பான வேலைக்கு, தப்பான விதத்தில். அதை விவரமாகச் சொன்னால்தான் யாருக்காவது உபயோகப்படும்.

அந்த நிறுவனத்திலிருந்து வந்தவர் நன்றாகப் பேசினார். கடைக்குள் வரவில்லை, வாசலில் நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து காட்டினார். "மூணே மாசத்துல முதல் இடம், கேரண்டி சார்" என்றார். மாதம் 12,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. எங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கிடையாது, அதனால் அந்த வரி திரும்பி வராது. ஆக மாதம் 14,160. ஆடியில் ஆரம்பித்து மாசி வரைக்கும் எட்டு மாதம் கொடுத்தேன். மொத்தம் 1,13,280 ரூபாய். காப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் எங்களுக்கு அது பெரிய பணம்.

மாதம் ஒருமுறை ரிப்போர்ட் வரும். பதினான்கு பக்கம், பச்சை அம்புக்குறிகள் மேலே பார்த்தபடி. முதல் வரியில் "பெஸ்ட் சப்மெர்சிபிள் மோட்டார் ரிவைண்டிங் சர்வீஸ் சென்டர் இன் கணபதி கோயம்புத்தூர்" என்று இருக்கும். பக்கத்தில் 1 என்று போட்டிருக்கும். நானும் அதை அப்படியே தட்டிப் பார்ப்பேன், எங்கள் கடைதான் முதலில் வரும். சந்தோஷமாக இருக்கும். மோட்டார் எரிந்து, வாழைக்குத் தண்ணி விடாமல் நிற்கிற ஒருவர் இந்த ஒன்பது சொல்லையும் வரிசையாகத் தட்டுவாரா என்று யோசிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. யாருமே தேடாத வார்த்தைக்கு முதல் இடம் பிடிப்பது சுலபம். அங்கே போட்டிக்கே ஆள் கிடையாது.

தன் தேடலில் முதல் இடம் கிடைக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எஸ்.இ.ஓ. ஆட்களை அமர்த்துவது பற்றிய தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு தளத்தில் திருத்தங்கள் செய்து பலன் தெரிய பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அந்த மனிதர் முன்னால் உட்கார்ந்திருந்தால் "கேரண்டி" என்ற சொல் வந்த இடத்திலேயே எழுந்திருப்பேன். எங்கள் தொழிலிலும் அப்படித்தானே? மோட்டாரைத் திறக்காமல் "ரெண்டு வருஷம் ஓடும்" என்று சொல்கிற கடைக்காரரை நாங்கள் நம்புவதில்லை.

அவர்கள் செய்த வேலைகள் என்னென்ன என்று பிற்பாடு உட்கார்ந்து பார்த்தேன். முதலாவது, எங்கள் இணையதளத்தில் நாற்பது பக்கம் சேர்த்திருந்தார்கள். அன்னூருக்கு ஒன்று, அவினாசிக்கு ஒன்று, சூலூருக்கு ஒன்று, பல்லடத்துக்கு ஒன்று. எல்லாம் ஒரே எழுத்து, ஊர்ப் பேர் மட்டும் மாறியிருக்கும். தேடுகிறவரை உள்ளே இழுப்பதற்காகவே கட்டப்படும் இந்த வாசல் பக்கங்களை கூகுள் விதி மீறலாகப் பார்க்கிறது, அதுவும் இன்று நேற்று வந்த விதியில்லை. 2006-இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே இதே காரணத்துக்காகத் தேடலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனி தளத்தைச் சரிசெய்து திரும்பவும் உள்ளே வந்துவிட்டது. காயில் கடையைத் தூக்கினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டாவது, வெளித் தளங்களிலிருந்து எங்கள் கடைக்கு இருநூற்றுச் சொச்சம் இணைப்புகள். எந்தெந்தத் தேசத்திலோ இருக்கும் டைரக்டரிகள், பேர் தெரியாத தளங்கள். இந்த இணைப்பு விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. லாரி பேஜும் செர்கே பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது யோசித்ததுதான் இதற்கு மூலம். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அதை ஒரு ஓட்டு மாதிரி எண்ணலாம், ஓட்டுப் போடுகிறவரின் தரத்துக்கு ஏற்ப மதிப்பும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. 1998-இல் கூகுள் கம்பெனியாக ஆனபோது இதுதான் அதன் பலம். நம்ம ஊரில் நாலு பெரிய மனிதர்கள் "அந்தக் கடையில குடுங்க" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அதனால்தான் காசுக்கு ஓட்டு வாங்கும் வியாபாரமும் வந்தது. 2012 ஏப்ரலில் பென்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அந்த மாதிரி வாங்கிய இணைப்புகளை கூகுள் மட்டம் தட்டியது. அதற்கு இத்தனை வருடம் கழித்து எனக்கு அதையே விற்றிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் "மெட்டா கீவேர்ட்ஸ் சேர்க்கப்பட்டது" என்றும் ஒரு வரி வரும். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்கள் அவை. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது.

ஆனால் இவையெல்லாம் எங்களைப் பெரிதாகக் காயப்படுத்தவில்லை. காயப்படுத்தியது மூன்றாவது வேலை. கூகுள் மேப்பில் எங்கள் கடையின் பேரை மாற்றிவிட்டார்கள். கடை போர்டில் இருப்பது தாத்தா பேர். அதை எடுத்துவிட்டு "பெஸ்ட் மோட்டார் ரிவைண்டிங் ஷாப் நியர் மீ" என்கிற மாதிரி ஒரு சரத்தைப் போட்டார்கள். போர்டில் என்ன பேர் இருக்கிறதோ, ஊர் எந்தப் பேரால் அழைக்கிறதோ, அதுதான் மேப்பிலும் இருக்க வேண்டும் என்பது விதி. மாசி கடைசியில் கூகுள் எங்கள் கடையை மேப்பிலிருந்து நிறுத்திவைத்துவிட்டது. கிணறுகளில் தண்ணி இறங்கி, மோட்டார்கள் எரிய ஆரம்பிக்கிற நேரம். சரவணம்பட்டியிலிருந்து ஒரு பழைய வாடிக்கைக்காரர் போன் செய்து, "ஏனுங்க தம்பி, கடையை மூடிட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

உள்ளே போய்ச் சரிசெய்யலாம் என்றால் அந்தக் கணக்கு என் பேரில் இல்லை. அவர்களுடைய மெயிலில் திறந்திருந்தார்கள். சாவி அவர்களிடம். தாத்தா பேரில் இருக்கிற கடைக்கு, ஓனர் இன்னொருத்தர் என்று அந்தத் திரை சொன்னது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. நாலு போன், இரண்டு சண்டைக்கு அப்புறம் சாவியைக் கொடுத்தார்கள். போர்டு போட்டோ, கரண்ட் பில் எல்லாம் அனுப்பிக் கடையைத் திரும்ப மேப்பில் கொண்டுவர மூன்று வாரம் ஆனது. காசு கொடுப்பதை அத்தோடு நிறுத்தினேன்.

அப்பா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "நல்லா வேலை செஞ்சா ஆளு தானா வரும்" என்று மட்டும் சொன்னார். அப்பா சொல்வதில் பாதி சரி. தெரிந்தவர்கள் தானாக வருவார்கள். அந்த அன்னூர்ப் பையன் மாதிரி தெரியாதவர்கள் வர மாட்டார்கள். அதனால் நான் விடவில்லை.

என் தங்கையின் சிநேகிதி ஒருவர் பீளமேட்டில் ஒரு கம்பெனியில் பல வருடம் இதே வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தார். அவரிடம் பேசினேன். நான் முதலில் கேட்டது "மாசம் எவ்வளவுங்க?"

"பார்க்காம எப்படிண்ணா சொல்றது? ஒருநாள் கடைக்கு வரேன்" என்றார்.

வந்தார். பழைய டயர் மேல் பலகை போட்டு வைத்திருக்கும் எங்கள் பெஞ்சில் காலை ஒன்பதரை மணியிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பையன்கள் எரிந்த காயிலை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஸ்டேட்டர் ஸ்லாட்டில் பாலி சுற்றிய கம்பியை அப்பா ஒவ்வொரு சுற்றாக இழுத்துக்கொண்டிருந்தார். வந்தவர் அந்த வேலையையும் பார்த்தார், போனில் வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கேட்டார். மொத்தம் பதினொரு போன். ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொண்டார்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். "காயில் போயிருச்சுங்க." "மோட்டார் எரிஞ்சிருச்சு." "வைண்டிங் பண்ணணும்." "உர்ருனு சத்தம் வருது, சுத்த மாட்டேங்குது." "மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல." பதினொரு பேரில் ஒருவர் வாயிலும் "ரிவைண்டிங்" என்ற சொல் வரவில்லை. "சர்வீஸ் சென்டர்" வரவில்லை. "பெஸ்ட்" வரவே இல்லை. எட்டு மாதம் நாங்கள் காசு கொடுத்தது எங்கள் வாடிக்கைக்காரர் யாரும் பேசாத பாஷைக்கு.

அதைப் பார்த்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. இந்த வேலையில் பாதி கடைக்காரனுக்கு மட்டுமே தெரியும். ஜனங்கள் எதை எப்படிச் சொல்வார்கள், எதைக் கேட்கப் பயப்படுவார்கள், எதற்குப் பேரம் பேசுவார்கள் என்பது பதினான்கு பக்க ரிப்போர்ட் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? அதை நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்குக் காசு கொடுக்கலாம். கேட்காமலேயே வேலையை ஆரம்பிக்கிறவருக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக்கூடாது.

தங்கையின் சிநேகிதி என்னிடம் கேட்ட ஒரு கேள்வி இன்னும் முக்கியம். "ஒரு மோட்டாருக்கு உங்க கையில என்னண்ணா நிக்கும்?" நான் அதைக் கணக்கே போட்டுப் பார்த்ததில்லை. சராசரியாக ஒரு வேலைக்கு 6,500 வாங்கினால், காப்பர், பேரிங், கூலி, வாடகை எல்லாம் போக 2,000 நிற்கும். அப்படியென்றால் 14,160 ரூபாயைத் திரும்ப எடுக்க மட்டும் மாதம் எட்டு புது மோட்டார் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால்தான் லாபம். எங்களிடம் கட்டுகிற கை மூன்று ஜோடிதான். சீசனில் எட்டு மோட்டார் கூடுதலாக வந்தால் நேரத்துக்குக் கொடுக்க முடியாது, கொடுக்காவிட்டால் பேர் கெடும். அந்த ஒப்பந்தம் நன்றாகவே நடந்திருந்தாலும் எங்களுக்குக் கட்டுபடியாகியிருக்காது. கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு தாளில் ஐந்து நிமிடம் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது.

மாதச் சம்பளம் வேண்டாம் என்றார். மொத்தமாக 18,000, இரண்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன், அதற்கு 3,000 என்றார். சரி என்றேன்.

அந்த 18,000 ரூபாய்க்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்கள் தளத்தின் முகப்பில் ஒரு பெரிய படம் இருந்தது. போன் நம்பர் அந்தப் படத்துக்குள்ளேயே அச்சாகியிருந்தது. தொட்டால் டயல் ஆகாது. தோட்டத்தில் ஈரக்கையோடு நிற்கிறவர் நம்பரை மனப்பாடம் செய்து தட்ட வேண்டும். இதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. படமும் கனமான படம், சிக்னல் குறைவான இடத்தில் திறக்கவே திறக்காது. வேறொரு டைரக்டரியில் எங்கள் பழைய லேண்ட்லைன் நம்பர் கிடந்தது, அது துண்டிக்கப்பட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. அப்புறம், சப்மெர்சிபிள் வேலையைப் பற்றிய முக்கியமான பக்கத்தில், இதைத் தேடலில் சேர்க்காதே என்று கூகுளுக்குச் சொல்கிற குறிப்பு ஒன்று இருந்தது. தளம் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறார்கள். நம் தளம் கூகுள் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியைத் திறந்தால் அது பளிச்சென்று எழுதியிருந்தது. எட்டு மாதம் ரிப்போர்ட் வாங்கினேனே, அதில் இந்த வரி ஒருநாளும் வரவில்லை. அந்தக் கருவியை என் மெயிலிலேயே திறந்து, என்னையே பாஸ்வேர்ட் போட வைத்தார். "இது உங்க வீட்டுச் சாவிண்ணா. எனக்கும் உள்ளே வர மட்டும் அனுமதி குடுங்க, போதும்" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காயில் வெட்டி எடுத்த பழைய காப்பரை எடை போட்டு வாடிக்கைக்காரரிடம் திருப்பிக் கொடுப்போம், இல்லாவிட்டால் அதன் விலையைப் பில்லில் கழிப்போம். அது அவருடைய பொருள். இணையதளப் பேர், மேப் கணக்கு, சர்ச் கன்சோல், எழுதிய எழுத்து, எடுத்த படம் எல்லாம் நம் காப்பர். யாரோடு ஒப்பந்தம் முடிந்தாலும் அது நம் கைக்கு வர வேண்டும். இதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நாற்பது ஊர்ப் பக்கங்களையும் எடுத்துவிட்டோம். எனக்கு மனசு வரவில்லை, அன்னூர் வாடிக்கையாவது வேண்டுமே என்றேன். அப்போதுதான் தூரக் கணக்கைச் சொன்னார். மேப்பில் யாரை மேலே காட்டுவது என்று முடிவுசெய்ய கூகுள் மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேருக்குத் தெரிந்த கடை. நடுவில் இருக்கிற தூரத்தை யாராலும் வாங்க முடியாது. அன்னூரில் நின்று தேடுகிறவருக்கு அன்னூர்க் கடைதான் முதலில் வரும், அது நியாயமும் கூட. இந்த உள்ளூர் வரிசையில் மேலே வரக் காசு கட்டவும் வழியில்லை என்று கூகுள் வெளிப்படையாகவே சொல்கிறது. விளம்பரத்துக்குக் கட்டினால் விளம்பரம் என்று போட்டுத் தனியாகத்தான் காட்டும். ஆக மிச்சமிருக்கும் இரண்டில்தான் நாம் வேலை செய்ய முடியும்.

பொருத்தத்துக்கு, மேப்பில் கடையின் வகையைச் சரியாகப் போட்டோம், பேரைப் போர்டில் இருக்கிறபடி மாற்றினோம். ஞாயிறு பன்னிரண்டு மணி வரை திறந்திருப்போம், அதை எங்கேயும் போட்டிருக்கவில்லை. இப்போது போட்டோம். போட்டோக்கள் எல்லாம் இணையத்தில் எடுத்தவை, அவற்றைத் தூக்கிவிட்டு அப்பா காயில் கட்டுகிற படத்தைப் போட்டோம்.

பேர் தெரிவதற்கு ரிவ்யூ. முந்தைய நிறுவனம் காசுக்கு ஐம்பது ரிவ்யூ போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது, நல்ல வேளை, அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ கூகுள் விதிக்கும் விரோதம், வருகிறவரை ஏமாற்றுகிற வேலையும் கூட. மோட்டாரை வண்டியில் ஏற்றிவிட்டு, "திருப்தியா இருந்தா ரெண்டு வரி எழுதுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. பத்துப் பேரிடம் கேட்டால் இரண்டு பேர் எழுதுவார்கள். அதில் ஒருவர் தமிழில் எழுதினார்: "பழைய காப்பரை கண் முன்னாடி எடை போட்டு கொடுத்தார்கள்." அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வந்தோம் என்று இதுவரை நாலைந்து பேர் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரே ஒரு புதுப் பக்கம் எழுதினோம். தலைப்பு: மோட்டாரைக் கடைக்குத் தூக்கி வரும் முன். டீ நேரத்தில் அப்பாவைப் பேச வைத்து போனில் பதிவு செய்தேன். சிங்கிள் பேஸ் மோட்டார் உர்ரென்று சத்தம் போட்டுச் சுற்றாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதுதான், சில நூறு ரூபாயில் முடியும். திரீ பேஸ் என்றால் மூன்று பேஸும் ஸ்டார்ட்டர் வரைக்கும் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடித் தண்ணி வரவில்லை என்றால் பெரும்பாலும் காயில் நன்றாகத்தான் இருக்கும். தண்ணி மட்டம் இறங்கியிருக்கலாம், பைப்பில் ஓட்டை இருக்கலாம். பேர்ப் பலகையில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் இழுக்கிறதா என்று கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். இப்படியே போகும்.

தட்டி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கெபாசிட்டர்தான்னு சொல்லிட்டா அப்புறம் அவன் எதுக்கு இங்க வரான்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, இருக்கட்டும். வீணா ஒருத்தன் மோட்டாரை மேல தூக்க வேண்டாம்" என்றார். இருநூறு, முந்நூறு அடி பைப்பை மேலே எடுத்து இறக்குவதற்கு ஆகும் கூலி அவருக்குத் தெரியும்.

இன்றைக்கு எங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் அதிகம் பேர் இந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். சர்ச் கன்சோலில் அவர்கள் தட்டிய சொற்களைப் பார்த்தால் அந்தப் பதினொரு போன் பேச்சும் அப்படியே இருக்கிறது. தமிழில் தட்டியது, தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டியது, எழுத்துப் பிழையோடு தட்டியது, எல்லாம். 2024-இல் கூகுள் தேடலின் மேலேயே ஏஐ பதில் வர ஆரம்பித்ததிலிருந்து பொதுவான கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது, தளத்துக்குள் வராமலே போகிறவர்கள் உண்டு. போகட்டும். கெபாசிட்டர் என்று தெரிந்து பிழைத்துக்கொண்டால் நல்லதுதான். காயில் எரிந்திருந்தால் யாராவது ஒருவர் கையால் கட்டித்தான் ஆக வேண்டும்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அந்த அம்மணி போகும்போது சொன்ன ஒரு வேலையை மட்டும் நான் விடாமல் செய்கிறேன். கல்லாப்பெட்டி மேல் ஒரு நூறு பக்க நோட்டு. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு வரி, கடைசிக் கட்டத்தில் "எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பதில். ஆரம்பித்த மாதத்தில் 26 மோட்டாரில் 3 பேர் போனில் பார்த்து வந்தவர்கள். ஒரு வருடம் கழித்து அதே மாதத்தில் 31 மோட்டார், அதில் 9 பேர். அதாவது ஆறு பேர் கூடுதல், கையில் நிற்பது 12,000. மாதம் 14,160 கட்டிக்கொண்டிருந்தால் இது நஷ்டக் கணக்கு. ஒரே தடவை 18,000 என்ற கணக்கில், இரண்டு மாதத்துக்குள் போட்டது திரும்பிவிடும்.

என் மாமா பையன் காங்கேயத்தில் செக்கு எண்ணெய் ஆட்டிக் கூரியரில் அனுப்புகிறான். அவனுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. தேசம் முழுக்க ஆயிரம் பேரோடு போட்டி, வாங்கினவர் மாதாமாதம் திரும்ப வாங்குவார். அவன் மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது சரிதான், அவன் நோட்டிலும் அது தெரிகிறது. எங்கள் தெருக் கடைசியில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மூன்று பம்ப் கம்பெனிக்கு மட்டும் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார்கள். அவர்களைத் தேடி இணையத்தில் யாரும் வரப்போவதில்லை. அந்த அண்ணன் என்னிடம் கேட்டபோது, அந்தக் காசில் பசங்களுக்கு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

என்னைப் போல உள்ளூர்க் கடை வைத்திருப்பவர்கள் காசு கொடுக்கும் முன் மேப் கணக்கையும் சர்ச் கன்சோலையும் உங்கள் மெயிலில் திறந்துவிடுங்கள், இரண்டும் இலவசம். ஒரு வாரம் போனில் வருகிறவர்கள் பேசுவதை எழுதுங்கள். உங்கள் தளத்தை ஊர் கோடியில் நின்று சாதாரண போனில் திறந்து பாருங்கள். அதற்கு அப்புறமும் கைக்கு எட்டாத வேலை இருக்கும், அதற்கு ஆள் தேடுங்கள். அவர் கடைக்குள் வந்து உட்காருகிறாரா என்று பாருங்கள்.

ஆறு மாதச் செக்கிங்குக்கு அவர் போன வாரம் வந்திருந்தார். "மோட்டார் ஓடுது அடிக்கடி டிரிப் ஆகுது" என்று நிறையப் பேர் தேடி வருகிறார்கள், நம் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை என்று காட்டினார். அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "அது மூணு காரணத்துல வரும், எழுதிக்கம்மா" என்று ஆரம்பித்தார். நான் போனில் பதிவை அழுத்தினேன்.